பன்னிரண்டு கால்பை

திருப்பூர்
14-8-1963

அன்பு மகள் மருதம்மாளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் உன்னைப் பார்த்து சுகமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை கண்ணு. குழந்தை போய் இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. தந்திக்குப் பிறகு மாப்பிள்ளை ஒரு கார்டு போட்டிருந்தார், எட்டாம் மாதமே பிறந்துவிட்டதால் மூச்சுப்பை முற்றவில்லை, மூன்று நாள் தாங்கியதே பெரிது என்று டாக்டர் சொன்னாராம். அதோடு நீ யாரிடமும் பேசுவதில்லை, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாய் என்றும் எழுதியிருந்தார். உன் கையெழுத்தில் ஒரு வரி கிடையாது. நானும் மூன்று கடிதம் போட்டுப் பார்த்துவிட்டேன், தபால்காரர் நம் சந்துக்குள் நுழையாமலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நீ இப்படியே இருந்தால் பேரனைத் தொடர்ந்து மகளையும் தொலைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இங்கே வீட்டில் உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. தந்தி வந்த அன்று, பொறக்காத புள்ளைக்குத் துணி தைக்காதீங்கன்னு அத்தன தடவ சொன்னனுங்களே, கேட்டீங்களா என்று ஒரே ஒரு பேச்சு பேசினாள், அவ்வளவுதான். இப்போது தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, சோறு ஆறுது என்கிறாள். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுக் குப்பாயி மூலமாகத்தான் எனக்கு வருகிறது. பிள்ளை பிறக்கும் முன்னால் புதுத்துணி சேர்க்கக் கூடாது, பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டித் துணிதான் சுற்ற வேண்டும் என்பது நம் சனத்தில் உள்ள வழக்கம், எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் சிரித்தேன். நானென்ன புள்ளையோட ஆயுசயா வெட்டித் தைக்கறேன், பனியன் வேஸ்ட்டுல ஜட்டிதான தைக்கறேன் என்று சொன்னேன். என் வாய்க்குச் சூடு வைக்க வேண்டும்.

கம்பெனியில் நல்லான் இருக்கிறானே, பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவன், அவன் தலையில் அடித்துக்கொள்வான். துணி ஒன்று, வெட்டு ஒன்று, அளவு ஒன்று, ஆனால் மெட்ராஸ் போகிற பெட்டிக்கு ஜட்டி, கொழும்புக்கு ஜங்கி, வடக்கே போகிறதற்கு ஜாங்கியா என்று ஊருக்கு ஒரு சீட்டு. மதுரைப் பக்கத்து உன் மாமியாருக்குக் கால் வைத்துத் தைத்ததெல்லாம் டவுசர், உன் அம்மாவுக்கு எதைக் காட்டினாலும் கோமணம். நம் வீட்டில் மட்டும் அது கால்பை. மூன்று வயதில் நீ என் மஞ்சள் பைக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு நின்றாய், அதற்கப்புறம் நான் தைத்துப் போட்டதெல்லாம் உனக்குக் கால்பைதான், எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. ஒரு தரம் காதர்பேட்டையில் வியாபாரியிடம் கால்பை ரெண்டு டஜன் இருக்குதுங்க என்று வாய் தவறிச் சொல்லி, அந்த வீதியே என்னைப் பார்த்துச் சிரித்தது. உனக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல இன்னொரு வாய் வரப்போகிறது என்று இருந்தேன் கண்ணு. எனக்கு இதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. தந்தி வந்த மறுநாள் மிஷினில் உட்கார்ந்தேன், அன்றைக்குப் பார்த்துக் குழந்தை சைஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாலு விரல் நுழையாத அந்தக் கால் வளையத்தைப் பார்த்ததும் பெடலை மிதிக்க முடியவில்லை. மேஸ்திரி ஆத்தப்பனிடம் போய், எனக்கு இனிமே பெரியாள் பனியனே குடுத்துடுங்க என்று கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, மாற்றிவிட்டார். கோயில் பக்கமே போகாத நான் ஆடிக் கிருத்திகையன்று சிவன்மலை முருகன் கோயில் படியேறினேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். உச்சியில் போய் நின்றும் என்ன கேட்பது என்று தெரியவில்லை, கேட்க வேண்டியது முடிந்துபோய்விட்டதே, திருநீறுகூட வாங்காமல் இறங்கி வந்தேன்.

இனிதான் விஷயம். வருகிற திங்கட்கிழமை உன் அம்மாவை உன் மாமன் மயில்சாமி அங்கே கூட்டிக்கொண்டு வருகிறான். பட்டணம் போய் வண்டி மாறி வந்துசேர வியாழன் ஆகிவிடும். அதற்குள் இது உன் கைக்குக் கிடைத்துவிடும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். ஜூன் மாதம் கம்பெனி விலாசத்துக்கு நீ ஒரு கடிதம் போட்டிருந்தாய் அல்லவா, டாக்டர் ரயில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார், பிரசவத்துக்கு அங்கே வர முடியாது, எனக்குக் கால்பை மட்டுமாவது இப்பொழுதே தைத்து அனுப்புங்கள், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று. அதை நான் உன் அம்மாவுக்குக் காட்டவே இல்லை. நானாகத்தான் என் திமிருக்குப் பன்னிரண்டு கால்பை தைத்து அனுப்பினேன் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ எழுதாமல் இருப்பதும் என் மேல் உள்ள கோபத்தால்தான் என்று நானும் நினைத்திருந்தேன். நேற்று அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கேட்டது நான்தானே என்று நீ உன்னையே தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

துணி தைத்ததால் எந்தப் பிள்ளையும் சாகாது, இதை நான் எங்கே நின்றும் சொல்வேன். ஆனால் இதைச் சொல்லி என்னையே என்னால் தேற்றிக்கொள்ள முடியவில்லை, உன்னை எப்படித் தேற்றுவேன். அதனால் ஒன்று செய். அம்மாவைப் பார்த்ததும் அழுகையில் நான்தான் கேட்டேன் என்று சொல்லிவிடாதே. அப்பா எதுக்கு அனுப்புனாரு என்று அவளோடு சேர்ந்து என்னைத் திட்டு, அவளுக்கும் ஒரு துணை வேண்டும். உன் கடிதத்தை இன்று காலை கம்பெனி டீ அடுப்பில் போட்டுவிட்டேன். நீ கேட்டதற்கு இனிமேல் சாட்சி கிடையாது. தைத்தவன் நான், அனுப்பியவன் நான், பழியும் என்னிடமே இருக்கட்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இன்னும் கொஞ்ச நாள் தூக்கினால் தீர்ந்துவிடும். இருபத்திரண்டு வயதில் நீ தூக்க ஆரம்பித்தால் எத்தனை வருஷம் தூக்குவாய்.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லு. பால் இன்னும் கட்டியிருந்தால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டுமாம், குப்பாயியிடம் உன் அம்மா சொல்லி அனுப்பியது, அப்பன் எழுதுகிற விஷயமில்லை, எழுதிவிட்டேன். உடம்பு தேறி நீ பல காலம் நன்றாக இருக்க வேண்டும். இன்றைக்கு ஒரு வாய் சாப்பிடு. இதைப் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா
சென்னிமலை