வாஷர் டப்பாவில் ஒன்பது மாத்திரை

என் வீட்டுக்காரர் பிளம்பர் ஐயாவுக்கு,

எழுந்தாச்சா? சமையல்கட்டுக் குழாய் சொட்டுதேன்னு உங்க வாஷர் டப்பாவைத் திறந்தேன். உள்ள ஒன்பது மாத்திரை. ரத்தம் உறையாம இருக்க டாக்டர் குடுத்த அதே மாத்திரைதான். "ஸ்டென்ட் வச்சு அடைப்பை எடுத்தாச்சு, இனி மருந்து எதுக்கு"ன்னு நேத்து சண்டை போட்டப்பவே எனக்குச் சந்தேகம். எழுபத்தெட்டு வயசுல இதயத்துக்கும் நீங்களே பிளம்பர் ஆயிட்டீங்க, ரொம்ப சந்தோஷம்.

புது ஜாயின்ட் காயறதுக்குள்ள தண்ணியைத் திறந்துட்டாங்கன்னு எத்தனை வீட்டுல சாமியாடியிருப்பீங்க? உங்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாதாக்கும்.

விட்ட மாத்திரைக்கு என்ன செய்யணும்னு டாக்டரைக் கேட்டுட்டு வரேன். இன்னைக்குப் போட வேண்டியதும் டூல் பாக்ஸ் சாவியும் எதிர்வீட்டு நர்ஸம்மாகிட்ட இருக்கு. அவங்க கண்ணு முன்னாடி முழுங்கினாத்தான் சாவி. வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாங்க, காட்டுங்க.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். உப்பு கம்மிதான். முகத்தைச் சுளிச்சாலும் பார்க்க ஆளில்லை.

பி.கு.: நெஞ்சு லேசா வலிச்சாக்கூட நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க. வீராப்பு வேண்டாம்.

இன்னொண்ணு. வாட்சைத் தேடாதீங்க. ஸ்டென்ட் வைக்க உள்ள போறப்ப கழட்டிக் குடுத்தீங்களே, அன்னையிலேருந்து என் கையிலதான் கிடக்கு. முழங்கை வரைக்கும் நழுவுது. மாத்திரை ஒரு வருஷம்னு டாக்டர் சொன்னார். அது முடியற அன்னைக்கு நீங்களே வந்து வாங்கிக்கணும். வேற யார்கிட்டயும் குடுக்கறதா இல்ல.