குச்சியில் அளந்த கால்கள்

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்றதே, அதற்குப் பிறகு மூன்றாம் வருடம். ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள்.

இன்று அவளுக்குப் பார்சலில் செருப்பு வந்தது. பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, அளவு பார்த்து, போனில் வாங்கினாளாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பசறை டவுன்ல நம்ம செருப்புக்கடை முதலாளி இருக்கையில, கண்ணால பாக்காத செருப்பு எதுக்கு?"

"அங்க போனா காலக் காட்டணும் மாமா. போன தடவ என் கால் வெடிப்பப் பாத்துட்டு, 'கொழுந்து எடுக்கிற காலுக்கு ஆம்பள செருப்புதான் தோது'ன்னு கடை நெறைய ஆள் இருக்கையில சொன்னாரு. போனு என் காலப் பாக்குதா?"

அவள் சொன்னதும் பழைய குச்சிகள் ஞாபகம் வந்தன.

என் இளவயதில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் தங்கள் கால் நீளத்துக்குக் குச்சி ஒடித்து என்னிடம் தருவார்கள். சம்பளத்துக்கு மறுநாள் பதினேழு குச்சிகளோடு அவர்களுக்குச் செருப்பு வாங்கப் பசறைக்கு பஸ் ஏறுவேன். எந்தக் குச்சி யாருடையது என்று ஒருநாளும் தவறியதில்லை. என் ஞாபகத்தை நம்பித்தான் தருகிறார்கள் என்று இத்தனை வருடமும் பெருமையாக இருந்தேன். நீங்களே வந்து போட்டுப் பாருங்களேன் என்றால், "மலையெறங்க முடியல அண்ணே" என்பார்கள். தினமும் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தவர்கள்.

அவர்களும் காலைத்தான் மறைத்தார்களா? விடிந்ததும் போய்க் கேட்க வேண்டும். குச்சி தந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது மேல் லயத்து மீனாச்சி ஒருத்திதான்.