அண்ணனுக்கு உடம்பு சரியில்லை

சித்திரை 3. காலையிலேயே வெயில்.

அண்ணன் கடிதம் வந்துவிட்டது, கடல் தாண்டி மக்காசரிலிருந்து, நாலு வருஷம் கழித்து, அவன் கையெழுத்தேதான்!

கொண்டுவந்தவர் பாலக்கரை ராவுத்தர். அங்கே அண்ணனோடு ஒரே துணிக்கடையில் வேலை. சண்டைக்கு முன் எழுதிய கடிதமாம், தபால் நின்றுபோய் இவர் பெட்டியிலேயே தங்கிவிட்டது. வாசலில் நின்றபடியே பெரியப்பாவிடம் சொன்னார்: "ஜப்பான்காரன் அவர வேலைக்குப் புடிச்சிட்டுப் போனான். போனவங்கள்ல ஒருத்தரும் திரும்பலீங்க."

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்குக் கேட்காத மாதிரி இருந்தேன். கடிதம் படித்தது, இதுவரை ஏழு தடவை.

சித்திரை 4.

அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். துணி விற்க மலைமேல் தொராஜா ஜனங்களிடம் போயிருக்கிறான். கப்பல் மாதிரிக் கூரை! ஒரு வீட்டில் கிழவர் செத்து இரண்டு வருஷம். உடம்பு வீட்டுக்குள்ளேயே, துணி சுற்றி. செத்தார் என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். வேளாவேளைக்குச் சோறு, காப்பி. உறவெல்லாம் கூடி எருமை வெட்டுகிற அன்றுதான் அவர் செத்தவர். பிறகு பாறையைக் குடைந்து உள்ளே வைத்து, வெளியே அவர் ஜாடையில் ஒரு மரப்பொம்மை.

'உடம்பைப் பாத்துக்குங்க தாத்தா' என்று இவனும் சொல்லிவிட்டு வந்தானாம். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "அந்த எடத்த இன்னொரு தடவ படி."

சித்திரை 6.

ரேஷன் அரிசி, பாதி கல். மதியம் அண்ணி ஒரு இலை கூடப் போட்டாள்.

"யாருக்கும்மா?" என்றார் பெரியப்பா.

"அவருக்குத்தான் மாமா. உடம்பு சரியில்ல."

பெரியப்பா என்னைப் பார்த்தார். படித்துக் காட்டியது யார்? நான்தான். நானேதான்.

சித்திரை 7.

மூன்று வேளையும் இலை. அண்ணன் டம்ளரில் காப்பி வைப்பது என் வேலை.

ஐயர் வந்தார். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து எரித்துக் கருமம் செய்யலாமாம். நாளை மறுநாள்.

"புல்ல எரிச்சா அண்ணன் செத்துருவானா பெரியப்பா?"

"வாய மூடு. அவ புத்தி பேதலிக்கிறத வேடிக்க பாக்கச் சொல்றியா?"



சித்திரை 9. காற்றே இல்லை.

விடியும்போது அண்ணி கேட்டாள், "எவ்வளவு ஒசரத்துக்குச் செய்வாங்க?"

"தெரியல அண்ணி."

"நெலப்படில தல இடிச்சுக்குற ஆளு. குட்டையா செஞ்சிறப் போறாங்க. சொல்லிட்டு வா."

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஆண்கள் மட்டும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அண்ணி நெற்றிப் பொட்டை அழிக்கும்போது கொல்லைக்கு ஓடிவிட்டேன்.

சித்திரை 10.

பழக்கத்தில் அண்ணன் டம்ளரில் காப்பி ஊற்றி வைத்தேன். அண்ணி எடுத்து முற்றத்தில் கொட்டினாள்.

"செத்தவருக்கு எதுக்குடி காப்பி?"

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

இந்த வீட்டில் அண்ணனுக்காகக் காத்திருக்க இனி நான் ஒருத்திதான். மக்காசர் பக்கமிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் வாருங்கள். பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். நல்ல உயரம் அவன். எங்கேயாவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.