வரைபடம் சரி, மலைதான் தப்பு

அன்பு மகள் ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்பாய், மன்னித்துக்கொள், உன் அப்பா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சில விஷயங்களைப் பேச முடியவில்லை. இங்கே எல்லோரும் சுகம், அங்கே சியாட்டிலில் விடாத மழையாமே, தலையை ஈரமாக விட்டுக்கொண்டு வேலைக்கு ஓடாதே.

அப்பா பழைய சாமான் சந்தையில் ஒரு வரைபடம் வாங்கி வந்திருக்கிறார், அவர் தாத்தா காலத்தில் அரசாங்கம் அச்சடித்ததாம், நம் மலை முழுக்கப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள், நம் குடும்பக் கல்லறைமேட்டில் ஒரு சின்னச் சிலுவை. சாப்பாட்டு மேசையை அது பிடித்துக்கொண்டதால் பீன்ஸும் சோளரொட்டியும் எங்கள் மடியில். நிலக்கரிக் கம்பெனி மேல்பாதையை அடைத்ததிலிருந்து பெரியப்பா கல்லறைக்கு மே கடைசி ஞாயிறில் வழக்கம்போலப் பூ வைக்க முடியவில்லை அல்லவா, ஓடைப்பக்கம் ஒரு பழைய பாதை இதில் இருக்கிறது என்று மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. கோடுகளை எண்ணுவார், ஜன்னல் வழியே பார்ப்பார், கம்பெனி வெட்டிப்போட்ட உச்சி எங்கே இருக்கும், உடனே "மேப் சரியாத்தான் இருக்கு, மலைதான் தப்பா இருக்கு" என்பார். உன் மாமா டென்சிலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, "மச்சான், மலையையே லாரில ஏத்தி வித்துட்டானுங்க, நீ இன்னும் கோடு எண்ணிக்கிட்டு இருக்கியே" என்றான்.

சனிக்கிழமை இருவரும் போனார்கள், பாதை நிஜமாகவே இருந்தது. முதல் வளைவிலேயே அப்பா மரத்தில் சாய்ந்து, "இருடா, வழி பார்த்துக்கறேன்" என்று வரைபடத்தை முகத்துக்கு நேரே விரித்தாராம். வெகுநேரம் விரித்தபடியே நின்றாராம், தலைகீழாகப் பிடித்திருந்தாராம். சுரங்கத் தூசி தின்ற நெஞ்சுக்கு மூச்சு திரும்பட்டும் என்று டென்சிலும் ஒன்றும் தெரியாதவன்போல நின்றிருக்கிறான். அந்த வளைவோடு திரும்பி வீட்டுக்கு வந்து என்னிடம் வீரம், "மே மாசம் நானே ஏறிப் பூ வைக்கறேன்." ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் தடுத்தால் இன்றைக்கே ஏறிவிடுவார், அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா, பாதி உன்னிடமும் இருக்கிறதே.

நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கர்த்தர் உன்னைக் காப்பார். கேட்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் வேறு கதை பேசினேன். மே கடைசி ஞாயிறுக்கு லீவு போட்டு வருவாயா? வந்து, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், "நான் மேல போறேன்பா, எனக்கு வழி தப்பினா ஹாரன் அடிச்சுக் கூப்பிட கீழே வண்டில நீங்க இருக்கணும், வேற யாரையும் நம்ப மாட்டேன்" என்று நீயே அவரிடம் கேள்.

உன் அம்மா,
டெல்ஃபியா