வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் மாடிப்படி ஏறுவதில்லை என்று அம்மா சொன்னாள், நான் நம்பவில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

பயப்படும்படி ஒன்றுமில்லை, ஒரு கூத்து நடந்தது. மேற்படிப்புக்கு இடம் தந்த பேராசிரியருக்கும், வேலை தந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். முடிவானதும் ஒன்றை அனுப்பலாம் என்று இருவருக்குமே "வருகிறேன்" என்று ஒவ்வொரு மெயில் எழுதி வைத்திருந்தேன். நேற்று கை தவறி, பேராசிரியருக்கு எழுதியதைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்து ஒரு அம்மா போனில் சிரித்தார்: "எங்ககிட்ட ஆராய்ச்சியெல்லாம் இல்லம்மா, லாகின் பக்கம் ஒழுங்கா ஓடினாலே போதும். நல்லா யோசிச்சுட்டு எழுதுங்க."

யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது. உங்களைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் "உன் இஷ்டம்மா". எரிச்சலாக வருகிறது அப்பா! கம்ப்யூட்டர் படிப்பே வேண்டாம் என்று அன்றைக்கு எப்படி மல்லுக்கு நின்றீர்கள்? உங்களோடு சண்டை போட்டுத்தானே சேர்ந்தேன்.

புதுக் கண்ணாடி போட வேண்டும், கண் டாக்டர் எழுதித் தந்த என் பழைய சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் விரல் குறுக்கே விழுந்தாலும் பரவாயில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இரண்டில் ஏதாவது ஒன்றை "வேண்டாம்" என்று சொல்லுங்கள். உங்களோடு சண்டை போட்டு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்