மடியில் வைத்த பிளாஸ்க்

ஊசுவாயா
11 பிப்ரவரி 1996

அன்புள்ள அன்செல்மோ ஐயாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு வரி எழுதும்படி சைகை காட்டி முகவரி தந்தீர்கள். சேர்ந்துவிட்டேன். மூன்றாம் தேதி, கொமொதோரோவுக்கு வெளியே கட்டைவிரலை நீட்டி நின்றவளை உங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டீர்களே, அந்தச் செக் நாட்டுப் பெண் நான்.

இதைப் பிரித்ததுமே தெரிந்திருக்கும், எனக்கு ஸ்பானிஷ் தெரியும். நீங்கள் கேட்டதெல்லாம் புரிந்தது. பயத்தில் தெரியாது என்று தலையாட்டினேன். மாத்தே தேநீர்க் குடுவையையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் என் மடியில் வைத்தீர்கள். எதையாவது கலந்திருப்பீர்களோ என்று காலடியில் இறக்கிவிட்டு, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கை கதவுப் பிடியிலேயே இருந்தது. நான்கு மணி நேரம். இமையிடுக்கில் பார்த்தால் ஒரு வீடு இல்லை, முட்புதரும் காற்றும்தான். திடீரென்று உரக்கப் பாடினீர்கள். உங்கள் கன்னத்தில் நீங்களே அறைந்துகொண்டீர்கள். கதவுப் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

ரியோ காயேகோஸ்வரை வருவதாக இருந்தவள் பாதியிலேயே, சான் ஹூலியானில் இறங்கிவிட்டேன். "என் பாட்டு அவ்வளவு மோசமா, பொண்ணே?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு மனதைவிட்டுப் போகவில்லை. மன்னியுங்கள். மாதக் கடைசிவரை இந்த விடுதியில்தான் இருப்பேன்.

யித்கா


கொமொதோரோ
19 பிப்ரவரி

யித்கா அவர்களுக்கு,

நான் அன்செல்மோவின் மகள் நொயெலியா. உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்களை இறக்கிவிட்டு நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் அவர் தூங்கிவிட்டார். லாரி பள்ளத்தில் உருண்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி லாரி ஓட்ட முடியாது என்கிறார்கள்.

இங்கே லாரிக்காரர்கள் வழியில் ஆள் ஏற்றுவது எதற்கென்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். பக்கத்தில் இருப்பவர் மாத்தே ஊற்றிக் கொடுத்துப் பேசிக்கொண்டே வரவேண்டும், ஓட்டுகிறவர் கண்ணயராமல் இருக்க. வேறு எதையும் எதிர்பார்ப்பதில்லை.

முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காரும் பயம் எனக்கும் உண்டு, நானும் பெண்தான். ஆனாலும் எங்கள் மொழியில் இவ்வளவு திருத்தமாக எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாங்க முடியவில்லை. கிழிக்கப் போனேன். அப்பா தடுத்தார்.

"நானும் பயந்துக்கிட்டுதான் பாடினேன்னு எழுதும்மா. கண்ணு சொக்குது. பக்கத்துல ஒரு பொண்ணு என்னை நம்பித் தூங்குறா. நான் அசந்தா அவளும் போயிடுவாளேன்னு பயம். அவ இறங்கினதும் அந்தப் பயம் விட்டுப்போச்சு. அதான் தூங்கிட்டேன்."

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். உங்களைப் பார்க்க வேண்டுமாம். கூப்பிடுவது அவர், நான் இல்லை. வருவதானால் பேருந்தில் வாருங்கள்.

நொயெலியா


ரியோ காயேகோஸ்
2 மார்ச்

நொயெலியா,

பேருந்தில் வரவில்லை. அதில் ஏறினால் மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வேன்.

பெட்ரோல் பங்க்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொமொதோரோ போகும் லாரி ஒன்று நிற்கிறது. ஓட்டுநர் என் பெயரைக்கூடக் கேட்காமல் பிளாஸ்க்கை என் மடியில் வைத்துவிட்டு, டயரைத் தட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். அவர் கண்கள் சிவந்திருக்கின்றன. அவரைப் பார்த்தால் பயம். அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போகவேண்டுமே என்று பயம். உங்கள் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம். இதைத் தபாலில் போடாமல் கையிலேயே கொண்டுவருகிறேன்.

அவர் ஏறிவிட்டார். ஸ்பானிஷ் தெரியுமா என்று கேட்கிறார்.

தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

யித்கா