பறக்கும் வீரனுக்கு நீ எழுதிய பதில்

வெள்ளையடிக்க வேண்டுமென்று நேற்று வீட்டில் பரணைக் காலி செய்தோம். தகரப்பெட்டியைத் திறந்ததும் பழுத்த காகித வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே நம் காமிக்ஸ் புத்தகங்கள். ஒன்றைப் புரட்டினேன். வானத்தில் பறக்கும் வீரன், தான் விரும்பும் நர்ஸின் மனதைச் சோதிக்கப் பிணம் போலப் படுத்து நடிக்கிறான். அவள் கதறுகிறாள். அடுத்த கட்டத்தில் எழுந்து உட்கார்ந்து, ‘உன் காதல் உறுதியாகிவிட்டது!’ என்று சிரிக்கிறான். பக்கத்தின் ஓரத்தில் நீல மையில் உன் எழுத்து: ‘இவ ஏன் இவனை ஒரு அறை விடல?’

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பரண் ஏணியில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தேன். வெள்ளையடிக்க வந்தவர் பயந்துபோய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நாம் ராஜபாளையத்தில் கல்லூரிக்குப் போன காலம் அது. நீ சுந்தரபாண்டியத்திலிருந்து வருவாய். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் உனக்காக இடம் பிடித்து வைத்திருப்பேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய காமிக்ஸை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படிப்போம். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் இடங்களில் நான் உருகிப்போவேன். நீ உதட்டைச் சுழிப்பாய்.

“கீழ எறக்கி விடுன்னுதானட்டி அவ சொல்லுதா? இவனுக்குக் காது கேக்கலியா? ஏழு மலைக்கு அந்தப் பக்கம் திருடன் பேசுறது மட்டும் கேக்குது!”

அந்த வருடம்தான் பருத்தி வியாபாரி மகன் ஒருவன் உன் பின்னால் வர ஆரம்பித்தான். நல்ல நிறம், நல்ல சட்டை. நமக்கு இரண்டு சீட் பின்னால் நின்றுகொண்டே வருவான். நீ ஒருநாள் நேருக்கு நேராக, “எனக்கு விருப்பமில்ல, பின்னால வராதீங்க” என்றாய். அவன் நிறுத்தவில்லை. எனக்கோ அவன் நிறுத்தாததே பெரிய காதலாகத் தெரிந்தது. நீ கல்லூரி முடிந்து ஏறும் பஸ்ஸையும் அதன் நேரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவனிடம் கொடுத்தவள் நான்தான். கதையில் தோழிகள் அப்படித்தான் செய்வார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் அவனுடைய கூட்டாளி கல்லூரி வாசலுக்கு ஓடி வந்தான். பைக் விபத்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், உன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றான். நான் அழுதபடி உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீயும் செருப்பு அறுந்ததைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தாய். ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த டீக்கடையில் அவன் ஒரு கீறல் இல்லாமல் நின்றிருந்தான். உன் ஈரக் கண்ணைப் பார்த்துச் சிரித்தான்.

“சும்மா ஒரு டெஸ்ட் வச்சேன். அழுதுட்ட பாத்தியா?”

டீக்கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நீ சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தாய்.

“நான் அழுதது உங்களுக்காக இல்ல. ஒரு மனுசனுக்கு அடிபட்டுருச்சேன்னு அழுதேன். யாருக்கு அடிபட்டிருந்தாலும் அழுதிருப்பேன். அதைப் போய் ஏமாத்தி வாங்கிட்டீங்களே, வெக்கமா இல்ல?”

அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீ நடந்தாய். அன்று உன் பின்னால் நடந்து வந்தபோது எனக்கு வந்த பெருமை, என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த வாரமே அவன் வீட்டார் தட்டோடு உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற உன் அப்பாவே தடுமாறிப்போனார்.

“பையன் உம்மேல எம்புட்டு ஆசை வச்சிருக்கான் தாயி. வசதியான குடும்பம் வேற.”

“நாளைக்கு ஒரு சண்டை வந்தா நெஞ்சு வலின்னு படுத்து டெஸ்ட் வைப்பாருப்பா. ஆயுசு பூரா பரீட்சை எழுத எனக்கு ஏலாது.”

உன் அப்பா கூடத்துக்கு வந்து, வந்தவர்களைக் கும்பிட்டு, “எம் மக சொன்னா சொன்னதுதான். தட்டை எடுத்துக்கோங்க” என்றார். கதவோரம் நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நீ போலீஸில் சேர்ந்தாய். உன்னோடு வேலை பார்த்தவர், ‘உங்களுக்குச் சம்மதம்னா வீட்டுல பேசுறேன், இல்லைன்னா இதோட விட்டுருறேன்’ என்று கேட்டதை என்னிடம் சொன்னபோது உனக்கு வெட்கம் வந்தது. “கேட்டாருட்டி!” என்று இரண்டு தடவை சொன்னாய். உன் உடலை எடுத்த அன்று கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். “ஒருத்தன் கையை அறுத்துக்கிட்டு என்னைக் கட்டிக்கன்னு நின்னான். எங்க வீடே அவன் பக்கம். இவியதான், ரத்தம் காட்டுனா சம்மதம் ஆயிருமான்னு கேட்டாவ” என்று உன் காலடியில் அழுதாள்.

உன்னிடம் ஒன்றை மட்டும் முப்பது வருடத்துக்கு மேல் சொல்லாமலே இருந்தேன். நீ கடைசியாகக் கிடந்த மதுரை ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான் துணிச்சல் வந்தது.

“அன்னைக்கு உன் பஸ் நேரத்தை அவனுக்கு எழுதிக் குடுத்தது நான்தான்.”

நீ கஞ்சியை விழுங்கிவிட்டுச் சொன்னாய்: “தெரியும்ட்டி. அந்தச் சீட்டை அவன் கையில பாத்தேன். உன் கோழிக் கிறுக்கலு எனக்குத் தெரியாதாக்கும்?”

“பொறவு ஏன் கேக்கவே இல்ல? நானா சொல்றேனான்னு பாத்தியா?”

“உனக்கு நான் எதுக்கு டெஸ்ட் வைக்கப் போறேன்? வெவரமில்லாமப் பண்ணிட்ட. மறுநாளும் பஸ்ஸுல எனக்கு இடம் பிடிச்சு வச்சிருந்த. அம்புட்டுதான்.”

இரண்டாவது வாய்க்கு நீயே வாயைத் திறந்தாய்.

என் தப்பு தெரிந்தும் நீ என்னைச் சோதிக்காமல் நம்பினாய் என்பதை இன்றும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். அப்படி ஒருத்திக்கு நான் தோழி என்று யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன்.